மூத்தாளுக்கு எடுத்த புடவை

அன்று காலை அவர் அறைக் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார். கார்த்திகை மழையில் மரம் உப்பிப்போய், கதவு நிலையில் இடித்துக்கொண்டு இரண்டு விரல் இடம் விட்டு நின்றது. இன்னொரு முறை தள்ளினார். அசையவில்லை.

"வந்து சீவித் தரேன்மே. மாமா கையில மட்டும் உளி குடுத்திடாத. கதவே இல்லாம பண்ணிடுவாரு" என்றார்.

நான் கூழில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெங்காயம் கேட்டார், கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறிப் போனார். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. கோபமாக இருந்தேன். அவர் நகரிக்குப் போனது இன்னொருத்திக்குப் புடவை வாங்க.

அந்த இன்னொருத்தி செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அவள் பெயர் கங்கம்மா. என் வீட்டுக்காரர் எத்திராஜுக்கு மூத்த தாரம். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில், நகரியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கட்டினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாவது வரை படித்திருந்தேன். அவர் நகரியில் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தார். இரண்டரை வருஷம் அங்கே குடித்தனம் செய்தோம். அந்த இரண்டரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து கங்கம்மா என்ற பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவளை மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

எல்லை பிரிக்கிற பேச்சு வந்ததும் எல்லாம் மாறியது. எந்த ஊர் சென்னையோடு போகும், எந்த ஊர் ஆந்திராவோடு சேரும் என்று டீக்கடையில் விடிந்ததிலிருந்து சண்டை. கங்கம்மாவின் ஊர் நொச்சித்தாங்கல். நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி முப்பது வீடு. அதுவரை சென்னைக் கணக்கில் இருந்த அந்த ஊர் ஆந்திராவுக்கு வரப்போகிறது என்று முடிவாகிவிட்டது. அங்கே யாரோ ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டார்கள். எல்லை மாறினதும் புதுக் கணக்கு எழுத ஆள் வருவான், எந்த வீட்டில் வாலிப ஆள் இருந்து அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டுக்குத்தான் நிலம், மற்றதெல்லாம் சர்க்காருக்கு.

கங்கம்மாவின் அப்பா கன்னையா அதை அப்படியே நம்பினார். ஏரிப் பாசனத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர். ஒரே பெண், அவளும் இல்லை. ஒரு நாள் நகரிக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ வந்து இரு. வந்தா ஒரேயடியா வரணும், சொல்லிட்டேன். வந்து எட்டிப் பாத்துட்டுப் போற வேல ஆவாது. நெலத்த உம்பேருக்கே எழுதிடறேன்."

"யோசிச்சி சொல்றேன் மாமா" என்றார் இவர். யோசிக்கவே இல்லை. அவர் போன ஐந்தாம் நிமிஷம் பரண்மேல் ஏறித் தகரப்பெட்டியை இறக்கினார்.

அறுபதாம் வருஷம் மாசியில் நாங்கள் அங்கே குடி போனோம். ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறியது. வீட்டுக்கு வீடு அடுப்பை எரியவிட்டுக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். மதிய வேளையிலும் புகை வரவேண்டுமென்று கன்னையா ஈர விறகை வைத்து ஊதுவார். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. கணக்கு எழுத ஒருவரும் வரவில்லை. கடைசியில் வந்தவன் கொசு மருந்து அடிக்கிறவன். மருந்து அடித்ததும் சுவரில் எண் போட்டு, வீட்டுக்காரர் பெயர் எழுதவேண்டும் அவனுக்கு. இந்த வீடு யாருடையது என்று தெலுங்கில் கேட்டான்: "ஈ இல்லு எவரிதி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டு அம்சவேணி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்: "கங்கம்மதி!"

அவன் சிவப்புக் காவியில் அப்படியே எழுதிவிட்டுப் போனான். இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விடுமே, மழ வந்தா போயிடும்" என்றார். அந்தக் காவி நான்கு மழைக்குத் தாங்கியது.

நகரிக்குத் திரும்பிவிடலாம் என்று அன்றைக்கே சொன்னேன். நிலத்துக்கு ஆபத்து இல்லை என்றாகிவிட்டதே. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு, "இங்க இன்னா கொறச்சல்?" என்றார்.

குறைச்சல் இல்லை என்பதுதான் குறைச்சல். நகரியில் அவர் அதிகம் பேசாதவர். நூல் கட்டுகளை எண்ணி எண்ணித் தோள் ஒரு பக்கம் சாய்ந்தவர். இங்கே காலையில் ஏரியில் விழுந்து அக்கரைவரை நீந்தினார். அல்லிக்கிழங்கைப் பறித்து வந்து கங்கம்மாவின் அம்மாவிடம் கொடுத்து, "அத்தே, சுட்டுத் துன்னலாமா?" என்று கேட்டார். எந்த மதகுக் கட்டை எவ்வளவு இறுகும், எந்த இடத்தில் விரால் பதுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அம்சவேணி கேட்காமலே சொன்னாள்.

"எல்லாம் கங்கம்மா சொல்லிக் குடுத்ததுதான். மறுவூட்டுக்கு வந்தப்ப உங்க வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. அவ புடிச்சித் தள்ளினா. முங்கி முங்கி எழுந்தாரு. ஊரே கரமேல நின்னு சிரிச்சிகினு இருந்தோம்." பிறகு என் காலைப் பார்த்தாள். "நீ இன்னா, முட்டிக்குமேல எறங்க மாட்டன்றியே!"

நகரியில் அவர் என் புருஷன். இங்கே அவர்கள் வீட்டு மாப்பிள்ளை.

கங்கம்மாவின் அம்மா மணியம்மா என்னிடம் கெட்டவளாக நடந்ததே இல்லை. அப்படி நடந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூத்தாளைப் பெற்றவர்களுக்கு இளையாளும் மகள்தான், அது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் என்னை "அம்மாடி" என்று கூப்பிட்டாள். நான் அவளை அம்மா என்று கூப்பிடவேண்டும். இரண்டரை வருஷம் நான் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. பேசவேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

எங்கள் பக்கத்தில் புருஷன் இருக்கும்போதே செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அந்த வீட்டில் வருஷா வருஷம் கார்த்திகையில், அவள் போன மாதத்தில், படையல். காலையில் ஏரியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து, பூச்சுற்றி, அவளைக் கூப்பிட்டு அழைத்து வருவார்கள். உள் அறையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் வைத்து, குடத்தின்மேல் புதுப்புடவை சார்த்தி, கதவை மூடிவிட்டு எல்லாரும் வெளியே உட்காருவார்கள். உள்ளே பல்லி சொல்லவேண்டும். சொன்னால் அவள் வந்து ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். கதவைத் திறந்து, அந்தப் புடவையை எடுத்து வீட்டுப் பெண் உடுத்தவேண்டும்.

அந்த வீட்டுப் பெண் நான்.

மூத்தாளுக்குப் பொறாமை இருக்கும், இளையாளைப் பிடித்து ஆட்டுவாள், அதனால்தான் இப்படிக் கொடுத்துச் சமாதானம் செய்கிறோம் என்று சொல்வார்கள். எனக்கு அவளிடம் பயமே இருந்ததில்லை. பொறாமை இருந்தது என் பக்கம்.

முதல் வருஷம் அவரே நகரிக்குப் போய்ப் புடவை எடுத்து வந்தார். கிளிப்பச்சை, தலைப்பில் ஆரஞ்சுக் கோடு. அவளுக்குப் பிடித்த நிறமாம். எனக்கு அவர் ஒரு நாளும் புடவை எடுத்ததில்லை. தீபாவளிக்குப் பணத்தைக் கையில் கொடுத்து, "உனக்குப் புடிச்சத எடுத்துக்கமே" என்பார். தாராளமாகத்தான் கொடுப்பார்.

பல்லி சொன்னதும் மணியம்மா அந்தப் பச்சைப் புடவையை எனக்குக் கட்டிவிட்டாள். கொசுவத்தைச் செருகி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கன்னையா துண்டால் முகத்தைத் துடைத்தார். இவர் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் நான் அவரிடம் வாங்கினதில்லை. அன்றைக்கும் வாங்கவில்லை. நான் நின்ற இடத்தில் வேறு ஒருத்தி நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் அப்படியே. விசேஷமென்றால் நான் கட்டவேண்டிய புடவைகள் அந்த இரண்டுதான். ஊரில் ஒரு கல்யாணம் என்றால், "அந்தப் பச்சய கட்டிக்கோம்மாடி" என்பாள் மணியம்மா. தெருவில் அம்சவேணி, "தூரத்துல பாத்தா அவளே வந்துகினு கீறான்னு நெனச்சேன்!" என்று கன்னத்தில் கை வைப்பாள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்வாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் என் தம்பிக்குக் குழந்தை பிறந்ததென்று நான் நகரிக்குப் போனேன். போகும்போது அவர் பணம் கொடுத்தார். "நீயே எடுத்தாந்துடு. முனிகிருஷ்ணன் கடயில கெடைக்கும். கெளிப்பச்ச. தலப்புல ஆரஞ்சு."

முனிகிருஷ்ணன் கடையில் கிளிப்பச்சை இருந்தது. கேட்டதும் எடுத்து விரித்துப் போட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு அரக்கு நிறம் மடிப்பில் கிடந்தது. கரையில் சின்னக் கட்டம், வேறு ஒன்றும் இல்லை. அதை எடுத்துத் தோளில் போட்டுக் கடைக் கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நானாக இருந்த சுலோசனா அதில் நின்றாள். பச்சையைக் கடைக்காரர் பக்கம் தள்ளினேன்.

"இது போதும்" என்றேன்.

இதைக் குற்றம் என்று அப்போது நினைக்கவில்லை. படைத்த பிறகு உடுத்தப் போகிறவள் நான்தானே.

படையலன்று புடவையைப் பிரித்ததும் மணியம்மா, "அரக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

"கெளிப்பச்ச இல்லன்னாங்க."

"முனிகிருஷ்ணன் கடயிலயா இல்ல?" என்றார் இவர்.

"ஆமா. அங்கதான் கேட்டேன்."

குடத்தின்மேல் அரக்குப் புடவையைச் சார்த்திக் கதவை மூடினார்கள். அது முழுதாக மூடவில்லை. அன்றைக்கே மரம் உப்பியிருந்தது. அந்த இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தோம். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் பல்லி சொல்லிவிடும். அன்று சொல்லவில்லை. வெயில் ஏறியது. குழம்பு வாசனை வந்து வந்து அடங்கிப்போனது. கன்னையா பட்டினி தாங்காதவர்.

"அவளுக்குக் கோவம்னா நா இன்னா பண்ண? எனக்குக் காலு நடுங்குதுடி" என்றார்.

"வாய மூடிகினு இரு. பொண்ணு வர்ற நேரம்" என்றாள் மணியம்மா.

"வர்றவ வந்து துன்னுட்டுப் போவட்டும். நா இன்னா கைய புடிச்சிக்கினா கீறேன்?"

மத்தியானம் தாண்டியும் பல்லி சொல்லவில்லை. மழைக்கு எங்கோ ஒண்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் குறி கிடைக்காமலே கதவைத் திறந்து சாப்பிட்டோம். அரக்குப் புடவையை நானே கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மணியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூண் பக்கம் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் அவர் சொன்னார்: "காலையில நகரிக்குப் போறேன். பச்ச எடுத்தாந்து மறுபடியும் வெச்சிடலாம். அத்தைக்கு மனசு கேக்கல."

"அத்தைக்கா?" என்றேன்.

அவர் குடையை எடுத்து விரித்துப் பார்த்தார். பச்சை கடையில் இருந்தது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் போயிருப்பார். சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார் என்றுதான் பல வருஷம் எனக்குத் தோன்றியது.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடத்தைக் கோடி என்பார்கள். கரையின் தென்கடைசியில், இடுப்பளவுக் கல்கட்டு. நாகலாபுரம் பஸ்ஸுக்குப் போகிற வழி அதற்குக் கீழேதான். மழைக்காலத்தில் கோடி போனால் முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள். குழந்தைகள்கூடத் தாண்டும். அவர் போகும்போது கணுக்காலுக்குத்தான் இருந்தது. அன்று பகலெல்லாம் மேற்கே மலைப்பக்கம் பெய்தது. மறுநாள் சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது கோடியில் இடுப்புக்கு ஓடியது. இறங்காதே, அக்கரையிலேயே இரு என்று இந்தப் பக்கம் மதகுக்காரர் ரங்கன் கத்தியிருக்கிறார். இவர் கையை ஆட்டிவிட்டு, துணிப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினார். நீச்சல் தெரிந்தவர். நடுவில் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பையைப் பிடித்தார் என்று ரங்கன் சொன்னார்.

மறுநாள் காலையில் வயல்வெளியில் கண்டெடுத்தார்கள். பை நாணலில் மாட்டியிருந்தது. மணியம்மா அதைப் பிரித்தாள்.

உள்ளே இரண்டு புடவை. இரண்டும் கிளிப்பச்சை. இரண்டிலும் ஆரஞ்சுத் தலைப்பு.

எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது நான் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்று?

ஆறு மாதம் கழித்து நகரிக்குப் போனபோது முனிகிருஷ்ணன் கடைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மொதல்ல ஒன்னுதாம்மா எடுத்தாரு. கெளிப்பச்ச உண்டான்னு கேட்டாரு. அதெல்லாம் எப்பவும் உண்டு, உங்க வூட்டம்மாதான் அரக்கு புடிச்சிருக்குன்னு எடுத்துகினு போனாங்கன்னேன்."

"கோவப்பட்டாரா?"

"இல்லம்மா. சிரிச்சாரு. பணம் குடுத்துட்டுப் படி எறங்கிட்டாரு. அப்புறம் திரும்பி வந்து இன்னொன்னு குடுன்னாரு."

"யாருக்குன்னு சொன்னாரா?"

"நா கேக்கலியேம்மா."

"அரக்கு காட்டினீங்களா?"

"காட்டினேன். மடிச்சி வெச்சிட்டாரு."

அறுபது வருஷமாக இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கென்று எடுத்த ஒரே புடவையாக அது இருக்கலாம். அப்படியானால் என் நிறம் அரக்கு என்று தெரிந்த பிறகும் என்னை அவர் பச்சையில்தான் பார்க்க ஆசைப்பட்டார். அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து அவளுக்கே எடுத்திருக்கலாம், நான் மறுபடி ஏமாற்றுவேன் என்று. சிரித்தார் என்கிறார் முனிகிருஷ்ணன். எந்தச் சிரிப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த இரண்டு புடவையில் ஒன்றைக் கார்த்திகை முடிவதற்குள்ளேயே மணியம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். இன்னொன்றை என்னிடம் கொடுத்தாள். நான் அதை உடுத்தியதில்லை. யாருடையது என்று தெரியாத புடவையை எப்படி உடுத்துவது?

என்னைப் பெற்ற நைனா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "வா, நம்ம வூட்டுக்குப் போலாம். இங்க உனக்கு யாரு கீறாங்க?" என்றார். எனக்கு இருபத்திநான்கு வயது. கன்னையாவும் மணியம்மாவும் என்னை இரு என்று கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பார்கள். நான் வரவில்லை என்றேன். கிழவர்களைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டாள், தங்கமான பெண் என்று ஊர் சொன்னது. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறது. உண்மை அதுவல்ல. அவரை ஏரிக்கு மேல்புறம் புதைத்திருந்தார்கள். நான் போய்விட்டால் அந்த ஊரில் அவர் முழுக்க முழுக்க அவளுக்கு ஆகிவிடுவார். அதனால் இருந்தேன்.

மணியம்மாவிடம் ஒரு நாள் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பச்சை கடையில் இருந்தது என்றேன்.

"தெரியும்" என்றாள். முறத்தை நிறுத்தவில்லை. "அரக்கு கட்டிகினு கூடத்துல வந்து நின்ன பாரு. ஒருத்தராச்சும் பாக்க மாட்டாங்களான்னு. நா பாக்கலன்னு நெனச்சிக்கின."

"அம்மா" என்றேன். முதல் தடவை.

"அந்தத் தவிட்ட எடுத்து மாட்டுக்கு வெய்யி" என்றாள்.

அவர்கள் இருவரும் போய் வெகுகாலமாகிறது. நிலம் என் பெயரில் இருக்கிறது. ரசீது தெலுங்கில் வருகிறது. படையலை நான் விடவில்லை. குடம் எடுக்க நான் போகக்கூடாது. அம்சவேணியின் மருமகள் எடுத்து வருகிறாள். அவர் போன அடுத்த வருஷத்திலிருந்து குடத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு வேட்டி வைக்கவேண்டும் என்றாயிற்று. பச்சைப் புடவையும் வெள்ளை வேட்டியும் ஜோடியாக. இலையும் இரண்டு. வைத்துவிட்டு, அவர்களை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே உட்காருகிறேன். பல்லி எப்போது சொல்லுமென்று காதைக் கொடுத்துக்கொண்டு.

ஆனால் கதவு சாத்துவதில்லை. ஆசாரிகள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். சீவித் தரட்டுமா என்று கேட்டார்கள். நான் யாரையும் தொடவிடவில்லை. இடைவெளியில் துணி அடைப்பதையும் நிறுத்திவிட்டேன். கார்த்திகை பிறந்தால் மரம் உப்புகிறது, நிலையில் இடிக்கிறது, இரண்டு விரல் இடம் விட்டு நின்றுவிடுகிறது.